பங்கேற்பாளர் 14

முதல் பத்தி மட்டும் இலவசம்.
அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை:
முழுக் கட்டுரைக்கு முப்பத்தொன்பது டாலர்,
இருபத்துநான்கு மணி நேரம் வைத்துப் படிக்கலாம்.

வெர்னாவின் ரத்தம்
அந்தப் பட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

நான் பனி தள்ளுகிறவன்.
மிச்சிகனின் வடக்குக் கோடி, இஷ்பெமிங்.
நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை
விடியற்காலை மூன்று மணிக்கு
வண்டியின் மூக்கில் இரும்புக் கத்தியை மாட்டி
மாவட்டச் சாலையை ஊருக்குத் திறந்துவிடுகிறேன்.
பள்ளிப் பேருந்து போகும். பால் லாரி போகும்.
இடுப்பு வலியோடு ஒருத்தி போவாள்.
என்னோடு பேச்சை முறித்துக்கொண்ட மைத்துனனும் போவான்.
முனையில் நின்று
ஒருவரிடமும் சீட்டுக் கேட்டதில்லை நான்.

ஆன் ஆர்பருக்கு ஆறு முறை கிளம்பினோம்,
ஐந்து முறை போய்ச் சேர்ந்தோம்.
ஒரு வழிக்கு எட்டு மணி நேரம்.
நடுவில் பெரிய பாலம், சுங்கம் நாலு டாலர்.
அந்தக் காசுக்கு மறுகரை கிடைத்தது, குறை சொல்ல மாட்டேன்.

பதினெட்டுக் குழாய் ரத்தம் எடுத்தார்கள் ஒருநாள்.
"எடுத்துக்கோ, இந்த மாசம் உபரிதான்"
என்றாள் அந்த நர்ஸிடம். நர்ஸ் சிரிக்கவில்லை.
ஆய்வுக்குப் பணம் அரசாங்கத்தினுடையது.
என் சம்பளச் சீட்டின் வலது ஓரத்தில்
வாராவாரம் கழிகிற தொகையில்
ஒரு பருக்கையாவது அதில் இருக்கும்.

டாக்டர் ஒபியோராவுக்கு எழுதினேன்.
மறுநாளே பதில் போட்டார், நல்ல மனுஷி.
கையெழுத்துப் பிரதியைப் பொதுக் காப்பகத்தில் சேர்த்தாயிற்று,
அதுதான் விதி;
ஆனால் பதிப்பாளர் கேட்ட தவணை பன்னிரண்டு மாதம்,
அதுவும் விதி.

பன்னிரண்டு மாதம்.
தெரிந்த நாளிலிருந்து
வெர்னாவுக்கே ஒன்பதுதான் கிடைத்தது.

முப்பத்தொன்பது டாலர் என்னிடம் இல்லாமல் இல்லை.
அரை டாங்க் டீசல் வராது அதற்கு.
கை போகவில்லை, அவ்வளவுதான்.
எங்கள் ஃபின்னிஷ் சனத்தில்
இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு சொல் உண்டு.
மகள் வேறு சொல் சொன்னாள்.

பிப்ரவரி பதினேழு.
இரவெல்லாம் பனி, பகலிலும் பாதி.
வேலை முடித்து ஈர பூட்ஸோடு நூலகத்துக்குப் போனேன்.
டோரீன் பெல்டோனியெமி திரையில் தேடினாள்.
பட்டை இல்லை.
பத்தொன்பது பக்கம், பக்கத்துக்குப் பத்து சென்ட்.
இரண்டு டாலர் கொடுத்தேன்.
மீதி பத்து சென்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
இனிமேல் இந்தத் தவணையே கிடையாதாம், விதி மாறிவிட்டது என்றாள்.
நல்லது என்றேன்.
நான் இருந்து முடித்துவிட்டேன்.

ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன்.
நாலில் மூன்று பங்கு புரியவில்லை.
புரதங்களின் பெயர்கள் நம்பர் பிளேட் மாதிரி.
மூன்றாவது அட்டவணையில் நின்றேன்.
பங்கேற்பாளர் 14. பெண். வயது 58.
நோய் அடங்கியிருந்த காலம்: 4.2 மாதம்.

அந்த நாலு மாதம் எனக்குத் தெரியும்.
மே மாதம் ஏரியில் பனி உடைந்ததிலிருந்து.
புள்ளி இரண்டு என்றால் ஆறு நாள்.
அந்த ஆறு நாளில்தான்
சவுனாவின் கதவுக்குப் பச்சை அடித்தாள்.
கீழ்ப்பாதி இன்னும் பழைய நிறத்திலேயே இருக்கிறது.

எண்ணுக்கு மேல் ஒரு நட்சத்திரம்.
பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்:
ஆறாவது வருகைக்கு வரவில்லை.
காரணம் பதிவாகவில்லை.
கடைசியாகப் பார்த்த நாளோடு கணக்கு முடிக்கப்பட்டது.

மூன்று தடவை படித்தேன்.
டோரீனிடம் பேனா கேட்டேன்.

டாக்டர் ஒபியோரா அவர்களுக்கு,
அட்டவணை மூன்று, எண் பதினாலு.
அவள் நின்றுவிடவில்லை.
அக்டோபரில் நாங்கள் கிளம்பினோம்.
செயின்ட் இக்னேஸில், கரையோரம்,
நாலு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம்.
மடியில் ஃபைல். நன்றாகத்தான் இருந்தாள்,
ரேடியோவை மாற்றிக்கொண்டே இருந்தாள்.
காற்று அடங்கவில்லை.
காரணத்தைப் பதிந்துகொள்ளுங்கள்:
அன்று பாலம் மூடியிருந்தது.